காற்று கட்சி கேட்பதில்லை

கம்பம் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, காற்றாலையைச் சுற்றிவிடும் முன் அது எந்தக் கட்சிக்காரர் நிலம் என்று விசாரிப்பதில்லை. தேனிப் பக்கம் நாலு பேர் கூடிக் குட்டி விமானம் பறக்கவிட்டால் மட்டும், புதிதாக வரும் பையனிடம் முதல் கேள்வி: “தம்பி, நீ எந்தக் கட்சி?”

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள்கூட எடையைத்தான் கேட்கின்றன. 250 கிராம் வரை ஓட்டுநர் உரிமமே வேண்டாம். கரை வேட்டியின் நிறத்தை எந்த விதியும் கேட்கவில்லை.

2019இல் தேனித் தொகுதியில் அமமுகவுக்காக நின்ற தங்க தமிழ்ச்செல்வன், 2024இல் திமுகவுக்காக நின்று அமமுகவின் தினகரனையே வென்றார். தலைவர்களே இவ்வளவு லாகவமாகத் திரும்பும்போது, தொண்டர் மட்டும் ஏன் விறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்?

புதியவர் கையில் ரிமோட்டைக் கொடுங்கள். ஓட்டு அவரிடமே இருக்கட்டும்.