டைமிங் பெல்ட் மீமாம்சை

காண்டல், கருதல், உரை என்று அளவைகளை மூன்றாகச் சுருக்கிக்கொண்ட சைவ சித்தாந்திகளும், மணிமேகலையின் 27-ஆம் காதையில் அவற்றைப் பத்தாக விரித்துரைக்கும் அளவைவாதியும், மூன்றாம் கையாக வாங்கிய ஒரு டீசல் காரின் டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற வினாவை எதிர்கொண்டவர்கள் அல்லர். எதிர்கொண்டிருப்பார்களாயின் நம் நாட்டுப் பிரமாண சாஸ்திரம் இவ்வளவு தன்னம்பிக்கையோடு எழுதப்பட்டிராது என்பது இக்கட்டுரையாளனின் துணிபு. அக்குறையைத் தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளம் தாலுகாவைச் சேர்ந்த புதூரை ஆய்வுக்களமாகக் கொண்டு ஓரளவு நீக்க முயல்வதே இவ்வியாசத்தின் பிரயோஜனம்.

புதூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சென்னையிலும் மதுரையிலும் வாடகைக் காராக ஓடிக் களைத்து, இருமுறை பெயிண்ட் பூசப்பெற்று, ஸீட் உறை மாற்றப்பெற்று, கோவில்பட்டித் தரகர் ஒருவரின் கை வழியாக வந்துசேரும் கார்கள் தம் வானப்பிரஸ்தத்தைக் கழிப்பது இத்தகைய கரிசல் ஊர்களில்தான். கரிசல் மண்ணோ, மழையில் சக்கரத்தை விடாது பற்றிக்கொள்வதும், கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதும், மற்றக் காலங்களில் மாவினும் நுண்ணிய தூளாகி மனிதனுடைய செவியிலும் எஞ்சினுடைய செவியிலும் ஒருங்கே புகுவதுமாகிய மூவகைச் சுபாவம் உடையது. முன்பு வேலை பார்த்த மெக்கானிக் பெல்ட்டின் மூடியைப் பாதி போல்ட்டுகளோடு மட்டும் திரும்ப மாட்டியிருந்தாரானால், அத்தூள் உள்ளே குடியேறுவதற்கு வேறு அழைப்பு வேண்டுவதில்லை.

வஸ்துவின் பூர்வோத்தரத்தைச் சுருங்கச் சொல்வோம். உட்புறம் பற்கள் கொண்ட இந்த ரப்பர் வார் 1940-களில் அமெரிக்காவில், தையல் மெஷினின் மேல் ஊசியும் கீழ் பாபினும் ஒன்றுக்கொன்று இசைந்து ஓடும்பொருட்டுக் கண்டுபிடிக்கப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியின் கிளாஸ் என்ற சிறு கம்பெனி தன் 1004 மாடலில் இதனை எஞ்சினுக்குள் கொணர்ந்தது. நம் நாட்டிலோ 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-ம், 1998 டிசம்பரில் அறிமுகமான டாட்டா இண்டிகாவின் 1,405 சி.சி. டீசல் எஞ்சினும் இதனைக் குக்கிராமங்கள் வரை பரப்பின. இரும்புச் சங்கிலியைக் காட்டிலும் இது மலிவானது, சப்தம் இல்லாதது, எண்ணெய் கேளாதது. இம்மூன்று குணங்களும் விற்பவருடைய காலத்தில் குணங்கள். வாங்குபவருடைய காலத்தில் நடுக்குணமே தோஷமாக மாறுகிறது என்பது பின்னர் விளங்கும்.

இதன் தொழில் யாதெனில், கீழே பிஸ்டன்களால் சுழற்றப்படும் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சரியாக ஒரு சுற்றுச் சுற்றவைப்பது. கிராங்க் நிமிஷத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றுமானால் ஒவ்வொரு வால்வும் 1,500 முறை, அதாவது விநாடிக்கு 25 முறை, திறந்து மூடவேண்டும். 1835-இல் எட்டயபுரத்தில் சித்தியடைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி இங்கிருந்து வெகுதூரத்தில் இல்லையாதலால், உவமையைச் சங்கீதத்திலிருந்து எடுக்க இவ்வட்டாரத்திற்கு உரிமையுண்டு: நாகஸ்வரக் கோஷ்டியில் ஓரமாக நின்று ஜால்ராத் தட்டும் பையன்தான் டைமிங் பெல்ட். கல்யாண வீட்டில் அவனை ஏறிட்டுப் பார்ப்பவர் எவரும் இலர். அவன் ஒரு தட்டுத் தவறினால் நாயனமும் தவிலும் முட்டிக்கொள்வதை மாத்திரம் யாவரும் கேட்பர்.

எஞ்சினில் அந்த முட்டல் உருவகம் அன்று. பழைய டீசல் எஞ்சின் காற்றை இருபது பங்கில் ஒரு பங்குக்கும் கீழாக நெருக்குவது. ஆதலால் உச்சிக்கு வந்த பிஸ்டனுக்கும் மேலிருக்கும் வால்வுக்கும் இடையே உள்ள வெளி நூலிழை போன்றது. பெல்ட் அறுந்த கணத்தில் கேம் நின்றுவிடும்; கிராங்க் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வின் தலையில் பிஸ்டன் வந்து மோதும், வால்வு வளையும், ஹெட்டை இறக்கவேண்டிவரும். சில நூறுகளில் அல்லது சில ஆயிரங்களில் முடிய வேண்டிய விஷயம் பல ஆயிரங்களுக்குச் சென்று, காரின் விலையோடே போட்டியிடத் தொடங்கும்.

இனிப் பிரமாண விசாரம். முதலாவது காண்டல். பானட்டைத் தூக்கியதும் கண்ணில் படுகிற பெல்ட்டைச் சுட்டிக்காட்டி, “இந்தா பாருங்க அண்ணாச்சி, புதுசு கணக்கா இருக்கு” என்று தரகர் சொல்லும்போது, அவர் காட்டுவது பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டாகவோ ஏ.ஸி. பெல்ட்டாகவோ இருக்கும், மெய்ப்பொருள் மூடியின் உள்ளே மறைந்திருக்கும். மறைப்பை நீக்கிக் கண்டாலும் பயன் சொற்பமே. பார்வைக்கு நல்லதாயிருக்கும் பெல்ட்டின் உள்ளிருக்கும் கண்ணாடி இழைகள் நைந்திருப்பதைக் கண் அறியாது.

இரண்டாவது கருதல். பெல்ட்டின் ஆயுள் எஞ்சினுக்கு ஏற்ப 60,000 கிலோமீட்டர் முதல் ஒரு லட்சம் வரை என்றும், வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பர் மூப்படைவதால் ஆண்டுக் கணக்கிலும் வரம்பு உண்டு என்றும் கையேடுகள் விதிக்கின்றன. ஆகவே மீட்டரைப் பார்த்து அனுமானிக்கலாம் என்பர் பூர்வபக்ஷத்தார். பதினைந்து வருஷம் டாக்ஸியாக ஓடிய கார் 72,000 கிலோமீட்டர் என்று காட்டும்போது, மீட்டரிலிருந்து அனுமானிக்கத்தக்கது மீட்டரைத் திருத்தியவரின் அடக்கம் ஒன்றே.

மூன்றாவது உரை. “பெல்ட்டு எல்லாம் போன வருசந்தான் மாத்துனது, நீங்க தொடவே வேண்டாம்.” ஆப்த வாக்கியம் பிரமாணமாவதற்குச் சொல்பவர் ஆப்தராக இருத்தல் வேண்டும் என்ற பழைய நிபந்தனையைத் தவிர இங்கே மேலும் கூறுவதற்கில்லை.

மூன்று அளவைகளும் பொய்த்தபின் புதூரில் எழுந்த மதங்கள் பல. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பம்பரில் மிளகாய் கோத்துக் கட்டி, மற்றதை விதியிடம் விட்டுவிடும் மதத்தை ஆராய்வது நம் அதிகாரத்திற்குப் புறம்பானது. “சத்தம் கொடுக்கும், அப்பப் பாத்துக்கிடலாம்” என்னும் சப்தவாதிகளின் கொள்கை சங்கிலிக்குப் பொருந்தலாம். சங்கிலி தளர்ந்தால் கலகலக்கும். பெல்ட்டோ நேற்றுவரை ஓடியதைப் போலவே இன்றும் ஓடி, நாகலாபுரத்துக்கும் புதூருக்கும் நடுவே நிழலில்லாத இடம் பார்த்து அறும்.

மூன்றாவது மதமே ஆழ்ந்து நோக்கத்தக்கது. அது “மொளகா எடுக்கட்டும்” என்பது. படித்தவர்கள் இதனைச் சோம்பல் என்று தள்ளிவிடுவர், அது அநியாயம். புரட்டாசியில் வானத்தைப் பார்த்து விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் வளர்த்து, தையில் அறுத்து, மாசி பங்குனியில் மிளகாயையும் பருத்தியையும் எடுக்கும் மானாவாரிக்காரருக்குக் கையில் காசு புரள்வது ஆண்டில் ஒரு பருவத்தில்தான். ஒரு மழைக்குப்பின் எத்தனையாம் நாள் ஈரம் விதைப்புக்கு ஏற்றது என்பதை மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தே சொல்லக்கூடிய ஒருவர், பெல்ட்டின் காலத்தை அறியாதவர் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? அவர் அறிவார். கையேடு எழுதியவர் மாதச் சம்பளக்காரர். அவருக்குக் கார்த்திகையும் மாசியும் ஒன்று. ஐப்பசியில் கெடு முடியும் பெல்ட்டும் மாசியில் வரும் பணமும் சந்திக்கும்வரை உள்ள நான்கு மாதத்தைத்தான் புதூரில் நம்பிக்கை என்று வழங்குகிறார்கள்.

மாற்றும் கிரியையையும் ஒருமுறை அருகிருந்து காண்பது நன்று. முன்சக்கரம் கழற்றப்பட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்த ஜாக்கி முட்டுக் கொடுக்கப்பட்டு, மவுண்டிங் அவிழ்க்கப்பட்டபின், கிராங்க் புல்லியின் போல்ட் இறுகி நிற்கும். ஸ்பானர் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் சொருகி ஆள் எடை முழுவதையும் அதன்மேல் சார்த்தினால்தான் அது மனமிரங்கும். மூடி திறந்ததும் ஒரு கைப்பிடி கரிசல் கொட்டுகிறது. மெக்கானிக் இரு புல்லிகளின் குறிகளையும் நேர்ப்படுத்தி வெள்ளைப் பெயிண்டால் கோடிட்டுக்கொண்டு, டென்ஷனரைத் தளர்த்திப் பழைய பெல்ட்டை உருவி, விரலால் பின்புறம் மடக்கிக் காட்டுகிறார்: பற்களின் அடியில் குறுக்கே மயிர்க்கீறல்கள், ஓரத்தில் நூல் பிரிந்த பிசிறு. “பெல்ட்டை மட்டும் மாத்தி என்ன செய்ய? டென்ஷனர் பேரிங் கத்துதுல்லா?” என்று அவர் கேட்பதை உதிரிபாக வியாபாரத் தந்திரம் என்று எண்ணற்க, டென்ஷனர் இறுகினால் புதிய பெல்ட்டும் பழைய பெல்ட்டின் கதியையே அடையும். ஆயில் சீல் கசிந்தால் ரப்பர் ஊறிக் கெடும். இதே பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப் உள்ள எஞ்சினாயின் அதனையும் இப்போதே மாற்றுவது உத்தமம். கழற்றும் கூலி ஒன்றே. புதிய பெல்ட்டை மடக்காமலும் முறுக்காமலும் மாட்டி, சாவியைத் தொடுமுன் ஸ்பானரால் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகள் மீண்டும் கூடுகின்றனவா என்று பார்க்காத மெக்கானிக்கிடம் வண்டியை விடலாகாது. ஒரு பல் தவறியிருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.

ஆகவே நம் சித்தாந்தம் இது. பழைய கார் வாங்கும் புதூர்க்காரர் அதன் சரித்திரத்தை விசாரிப்பதை விட்டுவிட்டு, பெல்ட்டின் ஆயுள் முடிந்ததாகவே பாவித்து, கார் விலையோடு பெல்ட், டென்ஷனர், கூலி ஆகியவற்றையும் சேர்த்தே பேரம் பேசக்கடவர். வாங்குவதையும் மாசியிலேயே வைத்துக்கொண்டால் அடுத்த கெடுவும் ஒரு மாசியிலேயே வந்து விழும். மாற்றியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தேதியையும் மீட்டர் கணக்கையும் ஒரு சீட்டில் எழுதிப் பானட்டின் உட்புறம் ஒட்டிவையுங்கள், காரை விற்கும்போது அதைக் கிழித்துவிடாதீர்கள்.