நாற்காலி முதலாளி

தமிழ்நாட்டில் நாற்காலி ஆசை பிடித்தவர்கள் இரண்டு வகை. முதல் வகை தேர்தலில் நிற்கும். இரண்டாவது வகை, நாற்காலிகளை மொத்தமாக வாங்கிப் போட்டு மாத வாடகைக்கு விடும். இந்த இரண்டாவது வகையின் விசிட்டிங் கார்டில் ‘ஃபவுண்டர் அண்ட் சிஇஓ’ என்று இருக்கும். தொழில், கோ-ஒர்க்கிங் ஸ்பேஸ்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். ஐடி கம்பெனியில் பத்து வருஷம் குப்பை கொட்டியவர். தன் கம்பெனி லோகோ போட்ட கறுப்பு டீ-ஷர்ட் தவிர வேறு சட்டை அவரிடம் இருப்பதாகத் தெரியவில்லை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து சீலிங்கைப் பார்ப்பார். பிறகு தூணுக்குத் தூண் எட்டு வைத்து அளப்பார். கல்யாண மண்டபத்திலும் இதே கதைதான். “இந்த ஹால்ல தாராளமா 140 சீட் போடலாம்” என்று பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். “இப்பவே 250 பேர் உட்கார்ந்து சாப்பிடறோமே சார்” என்பார் அவர். ஃபவுண்டர் ஒரு கணம் ரசத்தை மறந்து யோசனையில் ஆழ்வார்.

அதே பந்தியில்தான் பெரியப்பாவும் இருப்பார்.

“இப்ப என்னப்பா பண்றே?”

“ஃப்ளெக்ஸிபிள் ஒர்க்ஸ்பேஸ், பெரியப்பா. ஒரு ஈகோசிஸ்டம் பில்ட் பண்றேன்.”

“எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“ஒரு மாடியை மொத்தமா வாடகைக்கு எடுப்பேன். டேபிள், சேர், ஏசி, வைஃபை எல்லாம் போட்டு, சின்னச் சின்னக் கம்பெனிக்காரங்களுக்கு சீட் சீட்டா கொடுப்பேன்.”

“உள்வாடகைன்னு சொல்லு.”

“அப்படி இல்ல பெரியப்பா, கம்யூனிட்டி…”

“திருவல்லிக்கேணி மேன்ஷன்ல கட்டிலுக்கு வாங்கினான், நீ நாற்காலிக்கு வாங்கறே. அவன் எம்பிஏ படிக்கல, அவ்வளவுதானே?”

பெரியப்பாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் ஃபவுண்டரிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. காபி ஷாப் நாப்கினில் எழுதியது. 5,000 சதுர அடி, அடிக்கு 60 ரூபாய், ஆக வாடகை 3 லட்சம். 100 சீட், சீட்டுக்கு 7,000, ஆக வரவு 7 லட்சம். மாதம் 4 லட்சம் லாபம், இரண்டு கோடு அடித்துக் கட்டம் கட்டியிருக்கும். ஈபி பில், ஜெனரேட்டர் டீசல், இரண்டு இன்டர்நெட் லைன், ஹவுஸ்கீப்பிங் சம்பளம், காபித்தூள், இன்டீரியருக்கு வாங்கிய கடனின் ஈஎம்ஐ ஆகியவை, நாப்கினில் இடம் போதாத காரணத்தால், சேர்க்கப்படவில்லை. 100 சீட்டும் முதல் தேதியிலிருந்தே நிரம்பிவிடும் என்பதைத் தனியாக எழுதத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்.

இந்தத் தொழிலின் ஆதி வரலாறு தெரிந்திருந்தால் அதையும் எழுதியிருப்பார். 2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்ற மென்பொருள்காரர், தனியாக வேலை செய்கிறவர்கள் சேர்ந்து உட்காரட்டும் என்று முதல் கோ-ஒர்க்கிங் இடத்தைத் திறந்தார். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. இந்தக் கதை எந்த ஃபவுண்டர் மீட்டிலும் சொல்லப்படுவதில்லை.

அங்கே சொல்லப்படுவது வீவொர்க் கதை. அதிலும் முதல் பாதி மட்டும். 2010-இல் ஆடம் நியூமனும் மிகேல் மெக்கெல்வியும் நியூயார்க்கில் அந்தக் கோ-ஒர்க்கிங் கம்பெனியைத் தொடங்கினார்கள். சாஃப்ட்பேங்க் தலைவர் மசயோஷி சன், 12 நிமிடம் ஆபீஸைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கோடி கோடியாகப் பணம் போட ஒப்புக்கொண்டார் என்று சொல்வார்கள். நம் ஃபவுண்டருக்கு இது வேதவாக்கு. முதலீட்டாளர் வந்தால் காட்ட அவரும் 12 நிமிட டூர் ஒன்று தயார் செய்து வைத்திருக்கிறார். முதல் நிமிடம் ரிசப்ஷன், மூன்றாவது நிமிடம் பீன் பேக், நான்காவது நிமிடம் லிஃப்ட். லிஃப்ட்டில் மட்டும் திட்டம் கொஞ்சம் இடிக்கிறது. அது சில நாள் ஒன்பதாவது நிமிடம்வரை கதவைத் திறப்பதில்லை.

கதையின் இரண்டாவது பாதி இப்படிப் போகிறது. 2019 ஜனவரியில் வீவொர்க்கின் மதிப்பு 4,700 கோடி டாலர். ஆகஸ்டில், பங்கு வெளியீட்டுக்காகக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். கட்டட ஓனர்களுக்கு வரும் வருஷங்களில் கட்டியாக வேண்டிய வாடகை, அதுவும் ஏறத்தாழ 4,700 கோடி டாலர்! உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் தருவதாக உறுதி சொல்லியிருந்தது சுமார் 400 கோடி. செப்டம்பரில் நியூமன் பதவி விலகினார், பங்கு வெளியீடு கைவிடப்பட்டது. 2023 நவம்பரில் கம்பெனி திவால் மனு போட்டது. ஓனரிடம் வருஷக்கணக்கில் கையெழுத்து, மெம்பரிடம் மாதக்கணக்கில் நம்பிக்கை: தொழிலின் மொத்தச் சிக்கலும் இந்த ஒரு வரிதான். இதை ஃபவுண்டரிடம் சொன்னால், “அது எக்ஸிக்யூஷன் ப்ராப்ளம் ப்ரோ” என்பார்.

அவருடைய எக்ஸிக்யூஷன் கோடம்பாக்கத்தில், ஒரு நகைக்கடை மாடியில் தொடங்குகிறது. ஒன்பது வருஷ அக்ரிமென்ட், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் ஏற்றம், பத்து மாத அட்வான்ஸ். ஓனர் நல்ல மனிதர். “தம்பி, நீங்க கம்யூனிட்டி கம்யூனிட்டின்னு என்னென்னவோ சொல்றீங்க, நல்லா பண்ணுங்க. எனக்கு அஞ்சாம் தேதி வாடகை வந்துடணும்” என்று ஆசீர்வதிப்பார்.

முதல் மெம்பர்கள் மெல்ல வருகிறார்கள். வீட்டில் குழந்தை சத்தம் தாங்காமல் ஓடி வந்த ஃப்ரீலான்சர். அமெரிக்க நேரத்துக்குக் கண் விழிக்கும் மெடிக்கல் பில்லிங் பையன்கள். ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷனுக்கு ஒரு முகவரி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, ஃபவுண்டர் இன்றுவரை முகமே பார்க்காத ஏழு கம்பெனிகள். அப்புறம் மீட்டிங் ரூமை மணிக்கணக்கில் எடுக்கும் சினிமா குழு. காலை பத்து மணிக்குக் கதை டிஸ்கஷன் என்று உள்ளே போகிற ஆறு பேர், மாலை ஆறு மணிக்கு வெள்ளை போர்டில் ‘இன்டர்வெல் பிளாக்’ என்று இரண்டு சொற்களை விட்டுவிட்டு வருவார்கள். வாடகை? “அட்வான்ஸ் வந்ததும் கொடுத்துடறோம் ஜி.” யாருடைய அட்வான்ஸ், எப்போது என்பதெல்லாம் இரண்டாம் பாதியில் வரும்.

இவர்களை எல்லாம் கட்டி மேய்ப்பது கம்யூனிட்டி மேனேஜர் என்கிற பெண். பெயருக்குத்தான் கம்யூனிட்டி. செய்வதெல்லாம் பஞ்சாயத்து. அதில் நிரந்தர வழக்கு, ஏசி. டக்ட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் ஃப்ரீலான்சர் பெண் மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள். மேற்குப் பார்த்த கண்ணாடி ஓரம் உட்காரும் இன்ஷூரன்ஸ்காரருக்கு மூன்று மணிக்கு மேல் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். அவர் ரிமோட்டை எடுத்து 20 வைப்பார். பாத்ரூம் போகிற வழியில் அவள் 26 வைப்பாள். கம்யூனிட்டி மேனேஜர் ரிமோட்டைப் பறித்துத் தன் டிராயரில் பூட்டுவாள். இன்ஷூரன்ஸ்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் “நைஸ் கஸ்டமர் சர்வீஸ்” என்று போடுவார். அதற்கு முதல் கட்டை விரல் உயர்த்துவது, அர்த்தம் புரியாத ஃபவுண்டர்.

பேன்ட்ரி அண்ணன் தனி அரசாங்கம். இறக்குமதி காபி மெஷின் ரிப்பேராகி நான்கு மாதம் ஆகிறது. அதன் மேல் அவர் ஃபில்டரைக் கவிழ்த்துக் காய வைக்கிறார். “அண்ணா, இன்வெஸ்டர் வர்றாங்க, அதைக் கொஞ்சம் எடுத்துடுங்க” என்று ஃபவுண்டர் கெஞ்சினால், “டிகாக்‌ஷன் வேணுமா வேணாமா சார்?” என்று ஒரே கேள்வி.

ஊர் வழக்கப்படிதான் தொழிலும். ஆடி மாதம் யாரும் புது ஆபீஸ் போக மாட்டார்கள். தி.நகர் ஜவுளிக்கடைகளைப் பார்த்து இவரும் ‘ஆடித் தள்ளுபடி’ அறிவிப்பார். ஆவணியில் வருகிறவர் ராகு காலம் பார்த்து, “ஈசானிய மூலை சீட் காலியா இருக்கா?” என்பார். ஆயுத பூஜையன்று எல்லா லேப்டாப்பும் சந்தனம் குங்குமத்தோடு வரிசையில் நிற்கும். செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிக்காரர்தான் சுண்டலுக்கு முதல் ஆளாக வருவார்.

சீட் பாதி நிரம்பியதும் ஃபவுண்டருக்கு இருப்புக் கொள்ளாது. பெருங்குடியில் இரண்டாவது சென்டர். முதல் சென்டரின் நஷ்டத்தை எப்படிச் சரிக்கட்டுவது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை அது. இரண்டின் நஷ்டத்தைச் சரிக்கட்டக் கோயம்புத்தூரில் மூன்றாவது. இதற்குப் பெயர் ஸ்கேல். மனைவியின் நகை எந்தச் சென்டரில் பாத்ரூம் டைல்ஸாக மாறியது என்பது குடும்பத்துக்குள் பேசப்படாத விஷயம்.

2020 மார்ச்சில் எல்லாருடைய நாப்கினும் ஒரே நாளில் கிழிந்தது. ஊரடங்கு. நாற்காலிகள் இருந்தன, உட்காரத்தான் ஆளில்லை. மெம்பர்கள் மெயில் அனுப்பிக் கழன்றுகொண்டார்கள். அக்ரிமென்ட்டை அதுவரை புரட்டிப் பார்க்காத ஃபவுண்டர், இரவெல்லாம் கண் விழித்து ‘இயற்கைச் சீற்றம்’ என்ற பாராவை மனப்பாடம் செய்தார். ஓனரிடம் ஒப்பித்தும் காட்டினார். “தம்பி, பாதியாவது கொடுங்க” என்று அவர் இறங்கி வந்ததில் பிழைத்தார்.

ஊரடங்கு முடிந்ததும் காற்று திசை மாறியது. எத்தனை பேர் ஆபீசுக்கு வருவார்கள் என்று தெரியாத பெரிய கம்பெனிகள், சொந்தமாக இடம் பிடிப்பதைவிட இவரிடம் ஒரு மாடியையே எடுப்பது மேல் என்று கணக்குப் போட்டன. மேனேஜ்டு ஆபீஸ் என்று பெயர். பல வருஷ ஒப்பந்தம், தேதி தவறாத செக். தொழிலுக்கே இது தெம்பு கொடுத்தது. இதே தொழிலில் இருக்கும் ‘ஆஃபிஸ்’ (Awfis) என்ற கம்பெனி 2024 மே மாதத்திலும், ஸ்மார்ட்வொர்க்ஸும் இண்டிக்யூபும் 2025 ஜூலையிலும் பங்குச்சந்தையில் பட்டியலாயின. அமெரிக்காவில் திவாலுக்குப் போய் மீண்ட வீவொர்க்கின் பெயரைத் தாங்கிய இந்திய நிறுவனமே 2025 அக்டோபரில் பட்டியலானது.

நம்மவருக்கும் கோடம்பாக்கத்தில் அப்படி ஒரு வெளிநாட்டுக் கம்பெனி மாட்டியது. 100 சீட்டும் அவர்களுக்கே. ஃப்ரீலான்சர், சினிமா குழு, இன்ஷூரன்ஸ்காரர் எல்லாரும் காலி. பீன் பேக்கும் பறந்தது. பத்து வருஷமாகக் கம்யூனிட்டி என்று மூச்சுக்கு மூச்சு சொன்ன மனிதர் அன்றைக்குத்தான் முதல் முறையாக லாபம் பார்த்தார். ஒரே குறை, அந்த மாடிக்குள் போக இப்போது அவரே விசிட்டர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். ‘யாரைப் பார்க்க வேண்டும்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், ‘ஏசி சர்வீஸ்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்.

சிரிப்பது சுலபம். ஆனால் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற ஊரில், ஒரு மாத அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, பெயர்ப்பலகை மாட்ட ஒரு சுவரும் கூப்பிட்டால் எடுக்க ஒரு ரிசப்ஷனும் கொடுத்து, முகவரி இல்லாதவனை முதலாளி ஆக்குகிறவர் இவர். பணக்காரர் ஆகிறவர் கட்டட ஓனர், பெயர் வாங்குகிறவர் மெம்பர், வட்டி கட்டுவது இவர். ஆகவே, நீங்கள் கோ-ஒர்க்கிங் ஸ்பேஸில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரு சின்ன வேண்டுகோள். இந்த மாத வாடகையை மூன்றாம் தேதிக்குள் போட்டுவிடுங்கள். அவர் ஐந்தாம் தேதி கட்ட வேண்டும்.