பாடாத தட்டும் பரம ரசிகரும்

மதுரையில் சங்கீதத்தைக் கேட்டு அனுபவிப்பவர்கள் பலர். கேளாமலே அனுபவிப்பவர்களும் சிலர் உண்டு. அந்தச் சிலருக்குள் அக்கிராசனம் வகிக்கத் தகுந்தவர், வடக்குமாசி வீதிப் பக்கத்தில் இரண்டு கட்டு வீடும், மாதந்தவறாத பென்ஷனும், தமக்குச் சற்றும் பிடிக்காத இசைத்தட்டுகளைத் தேடித் தேடி வாங்குகிற விசேஷ குணமும் வாய்க்கப் பெற்ற நம் அன்பரே ஆவார்.

நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றி, பக்கத்துக்கு இருபது நிமிஷம் போல நின்று பாடுகிற எல்.பி. ஒன்றே மனிதர் கேட்கத் தக்கது என்பது அவருடைய சித்தாந்தம். 1948-இல் அமெரிக்காவில் அது பிறந்த பிறகும் நம் நாட்டில் நெடுங்காலம் 78 சுற்று அரக்குத் தட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்களே என்பது அவருக்குத் தீராத விசனம். "மூன்று நிமிஷத்தில் ஆலாபனையாம், பல்லவியாம்! கற்பூரம் ஏற்றுவதற்குள் திரை போட்டு விடுகிறான்" என்பார். பக்கத்துக்குப் பக்கம் ஊசி மாற்ற வேண்டும், இரைச்சல், கை தவறினால் சுக்குநூறு என்று அதன் தோஷங்களை அவர் அடுக்கத் தொடங்கினால் காபி ஆறிப்போகும். 45 சுற்றுச் சிறுதட்டோ, அவருடைய முழங்காலுக்கு ஜன்ம வைரி. உட்காரு முன்னே எழுந்து திருப்பிப் போடச் சொல்லும். வசனத் தட்டு சங்கீதத்தில் சேர்த்தியே இல்லை. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்துத் தருமியின் புலம்பலைத் திருவிழாக் குழாய்களில் கேட்டுக் கேட்டு அவருக்குப் பாண்டிய மன்னன் மீதே கோபம் உண்டு.

இத்தனையும் சொல்லுகிறவருடைய பீரோவைத் திறந்தால், எல்.பி. ஒரே ஒரு வரிசை. மற்ற வரிசைகள் அனைத்தும் மேற்படி சத்துருக்கள். காரணம் கேட்டால், "எல்.பி. எங்கே போனாலும் கிடைக்கிறதய்யா. கிடைக்கிறதை வாங்குவதற்குச் சேகரிக்கிறவன் எதற்கு?" என்று திருப்பிக் கேட்பார். மேல்நாடுகளில் 2008 முதல் வருஷந்தோறும் ஏப்ரல் மாதத்தில் இசைத்தட்டுக் கடைகளுக்கென்று ஒரு திருநாள் நடக்கிறது. அன்று சில தட்டுகளை இத்தனை பிரதிதான் என்று கணக்குக் கட்டி வெளியிடுவார்கள். பளிங்கு போன்ற இரண்டு படலங்களுக்கு நடுவே சித்திரம் பதித்து, பார்வைக்கு லட்சணமாகவும் கேள்விக்கு அவலட்சணமாகவும் இருக்கிற சித்திரத் தட்டுகளும் அவற்றில் அடக்கம். அவற்றை அவர் மனமார வெறுக்கிறார்; வரிசை எண் அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குகிறார்; உறையைப் பிரிப்பதில்லை.

உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில், ஒரு காலத்தில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் குழாய் கட்டிய மைக் செட்காரர்களின் பரண்கள் அவருக்கு க்ஷேத்திரங்கள். ஒரு பெரியவர் மனச்சாட்சியோடு, "ஐயா, இந்தப் பிளேட்டு பாதியில மாட்டிக்கிரும், பாடாதுங்க" என்று தடுத்தபோது, "பாடச் சொல்லி யார் கேட்டது?" என்று பணத்தை நீட்டினாராம்.

அவருடைய சேகரத்தின் சிகரம், அரக்குத் தட்டுக் காலத்துக் கோவலன் நாடக செட்டு. 1918-இல் இதே மதுரையில் பால சபை கண்ட சங்கரதாஸ் சுவாமிகளால் ஊர் ஊராகப் பிரசித்தி பெற்ற கதை அது. செட்டில் எல்லாத் தட்டும் சேர்ந்துவிட்டன. மதுரை எரிகிற தட்டு மட்டும் அகப்படவில்லை. ஆகவே அவர் வீட்டில் கோவலன் வெட்டுண்டும், கண்ணகி சிலம்பை உடைத்தும், நகரத்துக்கு இன்றுவரை யாதொரு தீங்கும் நேரவில்லை. மாசி வீதிவாசிகள் அவருக்குக் கடமைப்பட்டவர்கள்.

சித்திரை வெயிலில் தட்டுகள் நெளிந்துவிடும் என்பதால் அந்த அறைக்கு மட்டும் குளிர்சாதனம். "புள்ளைக மொட்டைமாடியில கொசுக்கடியில கெடக்குது, பாடாத பிளேட்டுக்கு ஏசி கேக்குதாக்கும்!" என்று வீட்டு அம்மாள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நம் அன்பர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்வதில்லை. கேளாமலிருப்பது அவருக்குப் பழக்கந்தானே!

பத்து வயதுச் சிறுமியாக எம்.எஸ். சுப்புலட்சுமி 1926-இல் பாடிக்கொடுத்த முதல் தட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அவர் கண் கலங்கும். அதன் பிரதி ஒன்று கைக்கு வந்திருப்பதாகச் சொல்லி, போன மாதம் எங்களை அழைத்தார். தட்டை இரு கைகளாலும் ஏந்திக் காட்டினார். போடும்படி கேட்டோம். விசாரித்ததில், அவரிடமுள்ள விலையுயர்ந்த யந்திரம் 33-இலும் 45-இலும் மட்டுமே சுற்றுமென்றும், 78 சுற்றுக்கு அதில் பொத்தானே கிடையாதென்றும், அரக்குத் தட்டின் அகன்ற பள்ளத்துக்கு வேறு ஊசி வேண்டுமென்றும் தெரிய வந்தது. முடிவில் அவர் பேரன் செல்போனில் எம்.எஸ். பாட்டு ஒன்றைத் தேடிப் போட்டான். தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் தலையசைத்துக் கேட்டார்.

வாசகர்களுள் எவர் வீட்டுப் பரணிலாவது பாட்டனார் காலத்துத் தட்டு கிடந்து, அது பாடக்கூடிய நிலையிலும் இருக்குமானால், தயவுசெய்து நம் அன்பர் கண்ணில் காட்டாதீர்கள். சாவி கொடுக்கிற கிராமபோன் வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள். பாடாதவற்றை அவருக்கே தாராளமாகக் கொடுக்கலாம். பேரம் பேசமாட்டார்.