ஆறு மணி நேரக்காரர்

வானிலையால் பயணம் தாமதமானால் பணம் தரும் பாலிசியை எடுத்துக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் புறப்படுபவர் ஆறு மணி நேரக்காரர். மழைக்காலச் சுற்றுலாப் பயணிகளில் இவர் தனி இனம். குடை கொண்டுவருபவருக்கு நனையாமல் இருந்தால் போதும். இவருக்கு நனைந்ததற்கு அத்தாட்சி வேண்டும்.

இவர் பெரும்பாலும் சென்னைவாசி, ஐம்பதைக் கடந்தவர், எந்த ரசீதையும் தூக்கிப் போடாதவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மூடியது, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலுக்காக மறுபடியும் மூடியது எல்லாம் இவருக்கு மனப்பாடம். அந்த நாட்களில் இவர் எங்கும் கிளம்பவில்லை, வீட்டில்தான் இருந்தார். ஆனாலும் அன்று கையில் ஒரு டிக்கெட்டும் பாலிசியும் இருந்திருந்தால் எவ்வளவு தேறியிருக்கும் என்ற கணக்கை யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

நடமாட்டக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கோடை விழாவுக்கு மலைமேல் ஜமுனாமரத்தூரில் கூட்டம் நெரியும்போது இவரைப் பார்க்க முடியாது. கோடையில் காப்பீடு செய்யும்படி என்ன இருக்கிறது? திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலையில் பீமன் அருவி மழை பெய்தால்தான் அருவி, இல்லாவிட்டால் பாறை. ஆகவே அருவியில் தண்ணீர் கொட்ட வேண்டும், வழியில் மழை இருக்கக் கூடாது, இருந்தால் நஷ்டஈடு வர வேண்டும் என்ற மூன்று வேண்டுதல்களோடு இவர் புறப்படுகிறார்.

பயணத்தின் பெரும்பகுதி வீட்டிலேயே, பாலிசியைத் தேர்ந்தெடுப்பதில் நடந்துவிடுகிறது. அறை எங்கே கிடைக்கும், சாமைச் சோறு எங்கே கிடைக்கும் என்று மற்றவர்கள் விசாரிக்கும்போது இவர் பாலிசி வாசகத்தின் பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருப்பார். அதைக் கேலி செய்வதில் நியாயமில்லை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் நிற்கும் 'பயணத் தாமதம்' உள்ளே போகப் போக மெலியத்தான் செய்கிறது. தாமதம் வேறு, ரத்து வேறு, பாதியில் திரும்புவது வேறு. ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு மற்றொன்றைக் கேட்க முடியாது. தாமதத்துக்கான காரணங்களில் மோசமான வானிலை என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். சில பாலிசிகள் காத்திருப்புக் கெடு தாண்டினாலே ஒரு தொகையைத் தந்துவிடும். வேறு சில, தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் பில் கேட்கும், அதற்கும் ஓர் உச்சவரம்பு வைக்கும். உள்நாட்டுப் பாலிசியானால் வீட்டிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். அதற்காகப் போளூர் வழி, வாணியம்பாடி வழி இரண்டையும் அளந்து நீளமானதை எடுப்பவர் இவர். காத்திருப்புக் கெடு நான்கு மணி நேரமா, ஆறா, பன்னிரண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. நான்கு என்றால் பிரீமியம் கூடுதல். பன்னிரண்டு மணி நேரம் உட்கார முதுகு இடம் தராது. ஆறில் வந்து நிற்கிறார்.

அடுத்தது நாள் பார்ப்பது. புயல் வருவது எல்லாருக்கும் தெரிந்துவிட்ட பிறகு பாலிசி எடுத்தால் அந்தப் புயலுக்குப் பணம் கிடைக்காது. எனவே வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று வானிலை ஆய்வு மையம் சொல்லும் முன்பே எடுத்துவிட வேண்டும். தாழ்வு மண்டலம் என்றால் அவசரம், பெயர் வைத்துவிட்டால் போச்சு. வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்காக 13 நாடுகள் கொடுத்து 2020இல் வெளியான 169 பெயர்களின் பட்டியலை இவர் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் பார்க்கிறார்.

வாணியம்பாடி வரை ரயில், அங்கிருந்து மச்சானின் கார். இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போதே 45 பைசாவுக்கு ஒரு காப்பீடு சேர்த்துக்கொள்ளலாம்; விபத்தில் உயிர் போனால் 10 லட்சம் ரூபாய். தாமதத்துக்கு அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு இவர் அந்த 45 பைசாவுக்காக ஆம்பூர் வரை வருந்துகிறார். ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டிடிஆர் என்ற கோரிக்கையைப் பதிந்து முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம்தான். ஆனால் அதற்கு ரயிலில் ஏறாமல் இருக்க வேண்டும்.

சிக்கல் அடிவாரத்தில் தொடங்குகிறது. பயணப் பாலிசிகளை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது விமானம். பணம் வாங்கிக்கொண்டு கால அட்டவணைப்படி ஆளை ஏற்றிச் செல்லும் பொது வாகனம் தாமதமானால்தான் அவர்கள் கணக்கில் தாமதம். ஜவ்வாது மலைக்கு விமானமும் இல்லை, ரயிலும் இல்லை. மச்சான் ஓட்டும் காரில் உட்கார்ந்து, சாலையில் மண் சரிந்து நாள் முழுக்கக் காத்திருந்தாலும் அது பயணத் தாமதம் ஆகாது, குடும்ப விவகாரம். இந்த வரியை இவர் ஆலங்காயத்தில் வைத்துக் கண்டுபிடிக்கிறார். உடனே குடும்பத்தைக் காரில் விட்டுவிட்டு, தான் மட்டும் ஜமுனாமரத்தூர் போகும் அரசுப் பேருந்தில் ஏறிக்கொள்கிறார்.

வழியில் மழை வலுத்து மரம் விழுந்தால் இவர் முகத்தில் தெளிவு வருகிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொள்கிறார். மழை ஓய்ந்து ஓய்ந்து மறுபடி பிடிக்க, மணி ஒன்று, இரண்டு, நான்கு என்று போகிறது. டீக்கடைக்காரர் தயக்கத்தோடு விசாரிக்கிறார்: "எவ்ளோ நேரம் சார் பேயணும் உங்களுக்கு?" ஐந்தே முக்கால் மணி நேரத்தில் பக்கத்து ஊர் இளைஞர்கள் அரிவாளோடு வந்து கிளைகளைக் கழிக்கத் தொடங்குகிறார்கள். பேருந்தில் இருப்பவர்கள் எல்லாரும் கும்பிடுகிறார்கள். ஆறு மணி நேரக்காரர் மட்டும் இறங்கி ஓடுகிறார்: "தம்பி, அவசரமே இல்லப்பா, டீ சாப்பிட்டுட்டு வெட்டலாம். நான் வாங்கித் தரேன்." அந்த டீதான் இந்தப் பயணத்தில் இவர் மனமுவந்து செய்த ஒரே செலவு.

கெடு தாண்டியதும் நடத்துநரிடம் போகிறார். எத்தனை மணி நேரம், என்ன காரணம் என்று போக்குவரத்து நிறுவனத்தின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் வேண்டுமாம். நடத்துநர் அன்று முழுக்க நனைந்தவர். "டிக்கெட்ட பத்திரமா வெச்சிக்கோங்க சார்" என்கிறார்.

மறுநாள் பார்வையாளர்களை விடும் சனிக்கிழமையானால் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் 1968 முதல் இயங்கும் இடம். 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பதற்கான சான்று பதிவான இடங்களில் ஒன்று. 1986இல் வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி உட்பட அங்கே உள்ள எல்லாக் கருவிகளும் மேகத்துக்குக் கட்டுப்பட்டவை. தொலைநோக்கி நேரத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருந்து வந்த ஆய்வாளர், மூட்டம் போட்டால் அந்த இரவை இழந்துவிட்டுப் பேசாமல் போகிறார். இவரால் அப்படிப் போக முடியவில்லை. வியாழன் தெரியாமல் போனது பாலிசியில் எந்தப் பிரிவில் வரும் என்று இரவெல்லாம் தேடுகிறார். எந்தப் பிரிவிலும் வராது. வியாழன் நேரத்துக்குத்தான் வந்திருந்தது.

சென்னை திரும்பியதும் இழப்பீட்டுக் கோரிக்கை எழுதப்படுகிறது. இணைப்புகள்: ஈரத்தில் எழுத்து அழிந்த பேருந்துச் சீட்டு, விழுந்த மரத்தின் படங்கள், நாட்காட்டித் தாளின் பின்புறம் டீக்கடைக்காரர் எழுதிக்கொடுத்த பில். நிறுவனம் மூன்றையும் திருப்பி அனுப்பி, போக்குவரத்து நிறுவனத்தின் கடிதத்தைக் கேட்கிறது.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். முதலில் நிறுவனத்துக்கு முறையீடு எழுத வேண்டும். அது நிராகரித்தாலோ ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ அவரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. ஆறு மணி நேரக்காரர் அந்த விதிகளையும் படித்து முடித்து, மரம் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் என்ற முறையில் மச்சானைக் கூட வரச் சொல்லியிருக்கிறார். மச்சான் இரண்டு நாளாக போனை எடுப்பதில்லை.