வில்லி மளிகைக்கடையில் இருக்கிறாள்

கே: 'புரூக்ளின்' (2015) பார்த்தேன். வில்லனே இல்லாமல் ஒரு காதல் படமா?

ப: வேலையில்லாத் திண்டாட்டம் போதாதா? 1950-களில் அயர்லாந்தை விட்டு ஏறக்குறைய 4 லட்சம் பேர் கிளம்பினார்கள். நாட்டின் ஜனத்தொகையே 30 லட்சத்தைத் தொடவில்லை. நாயகி எய்லிஷுக்கு ஊரில் கிடைத்தது, மிஸ் கெல்லியின் மளிகைக்கடையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை. வில்லி வேண்டுமென்றால் கெல்லியை வைத்துக்கொள்ளுங்கள்.

கே: அவள் அமெரிக்கா போகும் கப்பல் பயணம் 'டைட்டானிக்' மாதிரி இல்லையே?

ப: அங்கே ஜோடி கை விரித்து நின்றது. இங்கே பக்கத்து அறைக்காரர்கள் பொதுக் கழிவறையைத் தாழிட்டுவிட, எய்லிஷ் குமட்டலோடு வாளியைத் தேடுகிறாள். தனியாகப் போகிறவளுக்குக் கடல் அப்படித்தான் தெரியும்.

கே: கண் கலங்கிய இடம்?

ப: கிறிஸ்துமஸ் விருந்து. அமெரிக்காவின் பாலங்களையும் சுரங்கப்பாதைகளையும் கட்டிய ஐரிஷ் கிழவர்கள், போக்கிடமில்லாமல் பாதிரியார் போடும் சாப்பாட்டுக்கு வரிசையில் வருகிறார்கள். அதில் ஒருவர் எழுந்து ஐரிஷ் மொழியில் பாடுகிறார். பாஷை புரியாமலே எனக்குத் தொண்டை அடைத்தது.

கே: புரூக்ளின் காதலன் டோனியா, ஊரில் கிடைத்த ஜிம்மா? உங்கள் ஓட்டு யாருக்கு?

ப: டோனியோடு பதிவுத் திருமணம் முடிந்தபிறகு ஓட்டு எதற்கு? ஆனாலும் ஜிம் நல்லவன், வசதியானவன். அக்கா இறந்த துக்கத்துக்கு ஊர் வந்தவளுக்கு, முன்பு இல்லாத வேலை, மரியாதை, மாப்பிள்ளை எல்லாம் திடீரென்று முளைக்கின்றன. அமெரிக்க ரிட்டர்ன் அல்லவா! கல்யாணத்தை மறைத்துக்கொண்டு அவளும் கொஞ்சம் தடுமாறுகிறாள். கெல்லிக்கு விஷயம் தெரிந்து மிரட்டப் பார்க்கிறாள். எய்லிஷுக்கு அந்த நிமிஷமே ஊரின் லட்சணம் ஞாபகம் வந்துவிடுகிறது. கணவன் பெயரைச் சேர்த்துத் தன் பெயரைச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறப் போகிறாள். அவளைச் சேர்த்து வைத்த புண்ணியம் வில்லிக்கே!

கே: எய்லிஷாக நடித்த சர்ஷா ரோனன் அசல் அயர்லாந்துக்காரர்தானே?

ப: பிறந்தது நியூயார்க்கில், வளர்ந்தது அயர்லாந்தில். எய்லிஷுக்கு எதிர்த்திசையில் வந்தவர். ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. பரிசு 'ரூம்' படத்துக்காக பிரீ லார்சனுக்குப் போனது. அதை எடுத்தவரும் ஐரிஷ்காரர்தான், போகட்டும்.

கே: புரூக்ளினில்தானே எடுத்தார்கள்?

ப: பெரும்பாலும் கனடாவின் மான்ட்ரியலில். புரூக்ளினும் குடிபெயர்ந்துவிட்டது.

கே: இரண்டாம் பாகம் வருமா?

ப: நாவலாக வந்துவிட்டது. மூலக்கதை எழுதிய கொலம் டோபீன் 2024-ல் 'லாங் ஐலண்ட்' எழுதினார். கதை நடப்பது 1970-களில். பிளம்பர் டோனி, ரிப்பேருக்குப் போன வீட்டுக்காரியின் குழந்தைக்குத் தகப்பனாகிறான். ஜிம் கட்சிக்காரர்கள் இப்போது வெடி போடலாம்.