வாரிசு ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?

பலாங்கொடைப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் யார் கையில் இருந்தது தெரியுமா? சப்ரகமுவ திசாவை, அதாவது மாகாண அதிகாரி, எஹலப்பொல கையில்! 1814இல் கண்டி ராஜாவோடு முறைத்துக்கொண்டு குடும்பத்தையே பறிகொடுத்தவர். வெள்ளைக்காரனைக் கூட்டிவந்தால் கிரீடம் தனக்குத்தான் என்று இலவு காத்தார். கிடைத்ததோ ‘பிரிட்டிஷ் அரசின் நண்பர்’ என்ற பட்டம். அந்த நட்பு அவரை மொரிசியஸ் வரை கொண்டுபோய் விட்டது. கைதியாக!

ராஜா மட்டும் என்ன வாழ்ந்தார்? ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வீட்டுப் பேர் கண்ணுசாமி. நம்ம நாயக்கர் சொந்தம். 1816இல் ராணிகளோடு கப்பலேற்றி வேலூர்க் கோட்டையில் இறக்கினார்கள். 1832இல் அங்கேயே கண்ணை மூடினார். வாரிசுகளுக்குச் சிம்மாசனக் கவலை போய், மாசக் கடைசி பென்ஷன் கவலை வந்தது.

ஆனால் வெள்ளைக்காரன் பயந்த பயத்தைப் பாருங்கள்! 1815 கண்டி ஒப்பந்தத்தில், ராஜாவின் ஆண் உறவினர் யாரும் எழுத்தில் அனுமதி வாங்காமல் கண்டிச் சீமைக்குள் கால் வைக்கக்கூடாது. உறவினர் என்று சும்மா சொல்லிக்கொள்பவரும் கூடாது. டூப்ளிகேட்டுக்கும் சேர்த்தே தடை! அத்தனை கறாரான ஆசாமி, கோப்பித் தோட்டம் போட்டதும் அதே தமிழ்நாட்டிலிருந்து ஆள் கூட்டிவந்தார். தமிழன் வரலாம், தலையில் கிரீடம்தான் இருக்கக்கூடாது, கூடை இருக்கலாம்.

தடை போட்டால் நம்மவர்கள் விடுவார்களா? 1817இல் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு, தான்தான் ராஜ உறவினர் துரைசாமி என்று வந்து நின்றார். நாடே கிளர்ந்தது. வெள்ளைக்காரன் அடக்க அனுப்பிய கெப்பெட்டிப்பொல என்ற பிரதானியே கட்சி மாறினார். கடைசியில் குட்டு உடைந்தது. தலை போனதோ கெப்பெட்டிப்பொலவுக்கு. 1848இல் கொங்காலேகொட பண்டா என்பவர் தம்புள்ளையில் முடியே சூட்டிக்கொண்டார். பரிசு நூறு கசையடி, மலாக்காவுக்கு ஒருவழி டிக்கெட். அசல் வாரிசு படி வாங்கிக்கொண்டிருக்க, போலிகள் அடி வாங்கின.

உலகம் பூராவும் இதே கதைதான். மெக்சிகோவின் ஆஸ்டெக் சக்கரவர்த்தி மொக்தெசூமாவின் வம்சத்தார் ஸ்பெயினில் பிரபுக்களாகி, மெக்சிகோ கஜானாவிலிருந்து பென்ஷனும் வாங்கினார்கள். 1934இல்தான் அது நின்றது. அதே 1934இல் பிரிட்டன் கண்டிச் சிம்மாசனத்தைத் திருப்பித் தந்தது! இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. யாரும் உட்கார முடியாது; ஒரிஜினலும் டூப்ளிகேட்டும் டிக்கெட் எடுத்து, நின்றபடியே பார்க்க வேண்டியதுதான்.