நண்டோட நகரா, தேரோட நகரா?

நண்டோட நெல், நரியோடக் கரும்பு, வண்டியோட வாழை, தேரோடத் தென்னை என்று பயிருக்கு இடைவெளி சொல்லிவிட்டுப் போன முன்னோர், நகருக்கு இடைவெளி சொல்லவில்லை. 1991இல் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் 'சிவிலைசேஷன்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கி வெளியிட்ட நாள் முதல் இது தூக்கம் கெடுக்கும் பிரச்சினையாகிவிட்டது. கி.மு. 4000, கையில் ஒரு செட்லர் கூட்டம், சுற்றிலும் இருட்டு. முதல் நகரை நின்ற இடத்திலேயே வைத்துவிடலாம், அதில் சர்ச்சை இல்லை. இரண்டாவதை வரைபடத்தில் எத்தனை கட்டம் தள்ளி வைப்பது? ஆய்வுக்களம், எம் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஆய்வுக்காலம், இரவு பத்து முதல் பால்காரர் மணியடிக்கும் வரை.

கணக்கு இதுதான். அந்த முதல் பாகத்தில் ஒரு நகருக்கு 21 கட்டம். ஒரு குடி ஒரு கட்டத்தில் உழைக்கும். டர்னுக்கு இரண்டு உணவு தின்னும். ஆனால் நகரம் உட்கார்ந்திருக்கும் நடுக்கட்டத்துக்கு ஆள் வேண்டாம், அது சும்மாவே விளையும். ஆகவே பத்துக் குடிகள் ஒரே நகரில் இருந்தால் 11 கட்டம் விளையும். அதே பத்துப் பேரைப் பத்து ஊராகப் பிரித்து வைத்தால் 20 கட்டம். கூட்டுக்குடும்பம் ஏன் உடைந்தது என்று தேடும் சமூகவியலார் இந்த விடையை எடுத்துக்கொள்ளலாம்; எமக்கு நன்றி கூறத் தேவையில்லை.

எனவே நண்டோட நடுவதே முறை என்று முதற்பள்ளியார் கொண்டனர். அற்றேல், விளையாட்டைச் செய்தவர்கள் சும்மா இருந்தார்களோ எனின், இருக்கவில்லை. 2001இல் வந்த மூன்றாம் பாகத்தில், தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள ஊரில் ஊழல் தின்றது போக ஒரே ஒரு உற்பத்திப் புள்ளி மிஞ்சும். (இதைக் கற்பனை என்று சொல்பவர் இன்னும் எந்த அலுவலகத்துக்கும் போனதில்லை.) 2005இன் நான்காம் பாகம் ஊர்களின் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் பராமரிப்புச் செலவு போட்டது. ஆறாவது ஊரில் எம் கஜானா காலி. ஆராய்ச்சிக்கு ஒதுக்கியதைக் குறைத்தோம். பக்கத்து நாட்டான் துப்பாக்கியோடு வந்தபோது எம் வீரர்கள் வில்லோடு நின்றார்கள். 2010இன் ஐந்தாம் பாகம் இன்னும் கொடுமை: ஊருக்கு மூன்று, ஆளுக்கு ஒன்று என அதிருப்திப் புள்ளி. ஒரு குட்டி ஊர் பிறந்தாலே நாட்டுக்கு நான்கு துக்கம். தேரோட நட்டவர் மட்டும் பிழைத்தார்.

தேரோட நடுவதில் ஒரு சிக்கல் உண்டு. விட்ட இடைவெளியைக் கம்ப்யூட்டர் அரசன் புறம்போக்காகவே கருதுவான். இரும்பை எமக்கென ஒதுக்கி வைத்திருந்த இடுக்கில் ராத்திரியோடு ராத்திரியாக வந்து குடிசை போடுவான். பட்டா கேட்டால் போர் என்பான்.

2016இன் ஆறாம் பாகம் இவ்வழக்கைப் பாதி தீர்த்தது. இரண்டு நகர்களுக்கு இடையே குறைந்தது மூன்று கட்டம் விட வேண்டும், அதாவது நரியோட. மீதியைத் தண்ணீர் முடிவு செய்கிறது. நன்னீர்க் கரையில் ஊர் வைத்தால் குடியிருப்பு 5, கடலோரம் 3, இரண்டும் இல்லையேல் 2. மலையடியில் கல்விச்சாலை கட்டினால் ஒட்டியுள்ள மலை ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிவியல் புள்ளி கூடும். ஊட்டியில் படித்த எம் மைத்துனர் இவ்விதிக்கு நடமாடும் மறுப்பு. எனினும் விதி விதியே.

இங்ஙனம் நாற்பது நகர் கண்ட ஆய்வாளர் ஏன் வாடகை வீட்டில் இருக்கிறார் என்று வீட்டம்மா ஒரு வினா எழுப்பினார். அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முடிபு: இரண்டாம் நகர் ஆற்றோரம், மலை பார்த்து, நரியோட. ஐயமுள்ளோர் இரவு பத்துக்கு மேல் நேரில் வரலாம். மூன்றாவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருப்பேன்.